திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம்: வான்வழி தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

இதற்குத் தேவையானவை கொசைன் பொத்தான் உள்ள ஒரு கால்குலேட்டரும் இரண்டு விமான நிலையங்களின் ஆயத்தொலைவுகளும்தான்.

படி 1: திருச்சி இருப்பது வடக்கு 10°45′55″, கிழக்கு 78°42′35″. பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையம் வடக்கு 9°47′32″, கிழக்கு 80°04′12″. இணையத்தில் தேடும்போது விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபாருங்கள். திருச்சிக்கு டிஆர்இசட், திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி. ஓரெழுத்து மாறினால் கேரளத்திலிருந்து அளந்துகொண்டிருப்பீர்கள்.

படி 2: பாகையைத் தசமமாக்குங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 10°45′55″ என்பதை அப்படியே 10.4555 என்று தட்டிவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 நிமிடம், 3600 விநாடி. ஆகவே 45ஐ 60ஆல் வகுத்தால் 0.75, 55ஐ 3600ஆல் வகுத்தால் 0.0153, இரண்டையும் 10உடன் கூட்டினால் 10.7653. தவறாகத் தட்டியதற்கும் இதற்கும் தரையில் 34 கிலோமீட்டர் வித்தியாசம்! மற்ற மூன்றும் இதே முறையில் 78.7097, 9.7922, 80.0700 என்று வரும்.

படி 3: அட்சரேகை வித்தியாசம் 0.9731. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பதால் 58.4 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 1.3603, அதை 60ஆல் பெருக்கினால் 81.6. துருவத்தை நோக்கிப் போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், இதைச் சராசரி அட்சரேகையின் (10.28°) கொசைனான 0.984ஆல் பெருக்க வேண்டும்: 80.3. நம் ஊர்ப்பக்கம் இதை மறந்தாலும் பெரிய பிழை வராது. டெல்லிப் பக்கம் மறந்தால் கிழக்கு மேற்குத் தூரம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும்.

படி 4: இனி பிதாகரஸ். 58.4, 80.3 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99.3 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 184 கிலோமீட்டர். இந்தக் குறுக்குவழி சில நூறு கிலோமீட்டர் வரை நம்பகமானது. அதற்கு மேல் பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் கோள முக்கோணவியல் சூத்திரம் வேண்டும்.

படி 5: நேரம். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் 22 நிமிடம்தான் வரும். அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருக்கும். இரண்டும் சரிதான். அட்டவணை நேரம், விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் இறங்கிப்போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவான வேகத்தில் ஏறுவது, இறங்குவதற்காகச் சுற்றி வருவது எல்லாம் அதில் அடக்கம். குறுகிய தடத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரமே கொஞ்சம்தான். ஆகவே வகுத்து வந்த விடையோடு 30 முதல் 35 நிமிடம் கூட்டுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திருச்சி திரும்பும்போது எதிர்காற்று அடிக்கும். 240 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் 25 நிமிடம் ஆகும் தூரம், 30 நாட் எதிர்காற்றில் 29 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். இலங்கை நேரமும் இந்திய நேரமும் 2006 முதல் ஒன்றே என்பதால், டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம்.