ஹாக்வார்ட்ஸ் லெகசி: முதல் பத்து மணி நேரத்தை எப்படி ஆடுவது?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அக்கா மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் அல்சூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, உங்க கம்ப்யூட்டர்ல அந்த மந்திரப் பள்ளிக்கூட கேம் ஓடுமா?" என்றான். ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் நடக்கும் 'ஹாக்வார்ட்ஸ் லெகசி'யைத்தான் சொல்கிறான். நான் அதை இரண்டு முறை முடித்தவன். அவனுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்ததில், புதிதாக ஆடுபவர்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கம்ப்யூட்டரைத் தயார் செய்வது

2023 பிப்ரவரியில் வந்த கேம் இது. 85 ஜிபி இடமும் 16 ஜிபி ராமும் கேட்கும். என்னிடம் 8 ஜிபி ராம்தான் இருந்தது; கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் இன்னொரு 8 வாங்கிப் போட்ட பிறகுதான் படம் திக்காமல் ஓடியது. முதல் தடவை திறக்கும்போது ஷேடர் (காட்சிகளைத் திரையில் வரையும் நிரல்) தயாராகிறது என்று ஒரு திரை வரும். தொங்கிவிட்டது என்று நினைத்து மூடாதீர்கள், டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். தமிழ் கிடையாது. பேராசிரியர்களின் உச்சரிப்பு பிடிபடாவிட்டால் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

2. சேர்க்கை

கதை 1890களில் நடக்கிறது. நீங்கள் நேராக ஐந்தாம் ஆண்டில் சேர்கிறீர்கள். டிப்ளமோ முடித்தவர்கள் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் சேர்வார்களே, அந்த மாதிரி லேட்டரல் என்ட்ரி. பள்ளியின் பேசும் தொப்பி கேள்வி கேட்டு, மாணவர்களைப் பிரிக்கும் நான்கு இல்லங்களில் ஒன்றைச் சொல்லும், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். எந்த இல்லமானாலும் பெரும்பாலும் கதை ஒன்றுதான், ஆனால் அஸ்கபான் சிறைக்குள் போகும் காட்சி ஹஃப்பிள்பஃப் இல்ல மாணவர்களுக்கு மட்டும்தான். யாரும் சீந்தாத இல்லத்துக்கு இப்படி ஒரு பரிசு. நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். பையன் கேட்கவில்லை, ஸ்லிதரினில் சேர்ந்தான்.

3. நடந்து பாருங்கள்

பச்சை நெருப்பு எரியும் ஃப்ளூ இடங்களில் ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். முதல் இரண்டு நாள் அதைத் தொடாதீர்கள். இந்த கேமின் உண்மையான கதாநாயகன் பள்ளி இருக்கும் அந்தக் கோட்டைதான். கதையைவிட அதன் படிக்கட்டுகளே எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. நடக்கும்போது ரெவீலியோ மந்திரத்தை (கம்ப்யூட்டரில் ஆர் விசை) தட்டிக்கொண்டே போங்கள். ஒளிந்திருக்கும் பெட்டி, புத்தகப் பக்கம் எல்லாம் மின்னும். பக்கங்களைச் சேர்த்தால் அனுபவப் புள்ளி கூடும், சண்டை போடாமலே லெவல் ஏறலாம்.

4. சண்டை

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். பையனின் முதல் டூயலை, அதாவது மந்திரக்கோல் சண்டையைச் சொல்கிறேன். கடிகாரக் கோபுர முற்றத்தில் லூகன் என்ற சின்னப் பையன் நடத்தும் போட்டி. எதிராளியைச் சுற்றி மஞ்சள் கோளம். இவன் மவுஸை உடைத்துவிடுவதுபோல் சாதா அடியையே அடித்துக்கொண்டிருந்தான். கோளம் அப்படியே நிற்கிறது. "அவன் மேல இருக்கிற கலரைப் பாருடா" என்றேன். "மஞ்சள் மாமா." "அப்போ தூக்கு!" லெவியோசோ என்ற தூக்கும் மந்திரத்தைப் போட்டான். கோளம் உடைந்து எதிராளி அந்தரத்தில் மிதந்தான். அதற்கப்புறம் என்னை அவன் எதுவும் கேட்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எதிரியின் கவசத்தின் நிறமும் உங்கள் மந்திரத்தின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். மஞ்சளுக்கு லெவியோசோ, கிளேஷியஸ். ஊதாவுக்கு ஆக்சியோ, டெபல்சோ. சிவப்புக்கு இன்செண்டியோ, எக்ஸ்பெல்லியார்மஸ். தொடக்கத்தில் நான்கு மந்திரங்களைத்தான் விரலருகில் வைத்துக்கொள்ள முடியும், அதனால் நிறத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். விளக்கேற்றும் லூமோஸுக்கும் இதில் ஓர் இடம் போவது அநியாயம், ஆனால் விதி அப்படி. பிறகு திறமைப் புள்ளிகள் கிடைக்கும்போது, மந்திர வரிசையைக் கூட்டும் திறமையை முதலில் வாங்குங்கள்.

தடுப்பது இன்னும் முக்கியம். உங்கள் தலையைச் சுற்றி மஞ்சள் வளையம் மின்னினால் கியூ விசையை அழுத்திப் பிடியுங்கள். அடி தடுக்கப்பட்டு, ஸ்டூபிஃபை என்ற மந்திரம் தானாகப் பாய்ந்து எதிரி மலைத்து நிற்பான். வளையம் சிவப்பாக இருந்தால் தடுக்க முயலாதீர்கள், உருண்டு விலகுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் கியூவுக்குப் பதில் முக்கோணப் பொத்தான்.

5. துணிமணி

பையில் 20 இடம்தான். புதுக் கோட்டு கிடைத்ததும் அதன் தாக்குதல், தற்காப்பு எண்ணைப் பாருங்கள், கூடுதலாக இருந்தால் போட்டுக்கொண்டு பழையதைப் பக்கத்துக் கிராமமான ஹாக்ஸ்மீடில் கடையில் விற்றுவிடுங்கள். கண்றாவியாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். ஏற்கெனவே கிடைத்த எந்தத் துணியின் தோற்றத்தையும் அதற்கு மாட்டிக்கொள்ளலாம். வெளியில் ஆங்காங்கே இருக்கும் மெர்லின் புதிர்களில் முதல் இரண்டைத் தீர்த்தால் இன்னும் நான்கு இடம். பத்து தீர்ப்பதற்குள் அலுத்துவிடும், ஆனால் இடத்துக்காகச் செய்துதான் ஆக வேண்டும்.

6. துடைப்பம்

பறக்கும் வகுப்பு முடிந்த பிறகு கடையில் துடைப்பம் வாங்கலாம், விலை 600 கேலியன் (கேமுக்குள் புழங்கும் காசு). எதை வாங்கினாலும் வேகம் ஒன்றுதான், அழகைப் பார்த்து வாங்குங்கள். காசுக்கு ஒரு வழி உண்டு. சில பெட்டிகளில் ஒரு கண் உருண்டுகொண்டிருக்கும். நேராகப் போனால் திறக்காது. உடலை மறைக்கும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு நெருங்கினால் 500 கேலியன் தரும். துடைப்பத்தில் பறந்து ஆடும் க்விடிச் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், தலைமையாசிரியர் அந்த வருஷம் ஆட்டத்தையே ரத்து செய்துவிட்டார்.

பையன் துடைப்பம் வாங்கிய முதல் நிமிஷமே ஏரித் தண்ணீரை உரசிக்கொண்டு போனான். விழுந்துவிடப் போகிறான் என்று கத்தப் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன், தண்ணீரை ஒட்டிப் பறந்தால் வேக மீட்டர் சீக்கிரம் நிரம்புகிறது. இரண்டு முறை முடித்த எனக்கு அது தெரியாது. அந்த நேரம் பார்த்து அக்கா ஃபோன் பண்ணி, "சாப்பிட்டானாடா?" என்றாள். "ஏரி மேல இருக்கான், இறங்கினதும் சொல்றேன்" என்றேன்.