பள்ளிச் செய்தி வீடு சேர: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கு பிரீ பள்ளியில் 1816-ஆம் ஆண்டு தமிழ் வகுப்பு தொடங்கியதையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். பினாங்கு மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. பெற்றோருக்குச் செய்தி அனுப்புவதை ஓர் ஆசிரியரும் விழா எடுப்பதை வேறோர் ஆசிரியரும் தனித்தனியே கவனிப்பதே பல பள்ளிகளில் வழக்கம். ஆனால் இவ்விரண்டும் ஒரே பணி. கட்டணம், ஒழுங்கு, விடுமுறை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பள்ளியிடமிருந்து கேள்விப்படும் குடும்பம், விழாவுக்கு அழைத்தாலும் விருந்தாளியாகவே வந்து போகும். தன் பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றைப் பள்ளியே சொல்லக் கேட்ட குடும்பமோ, துப்புரவுப் பணிக்கும் விளக்குமாற்றுடன் வந்து நிற்கும்.

முதலில் குடும்பங்களின் அன்றாடத்தை அறிந்துகொள்ளுங்கள். தவணையின் முதல் வாரத்தில் நிரப்பித் தரச் சொல்லும் படிவத்தில் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றோடு, பகலில் யாருடைய தொலைபேசி எடுக்கப்படும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்பவர் யார், வீட்டில் தமிழ் வாசிப்பவர் யார், பெற்றோர் எந்த நேரத்தில் வேலைக்குச் செல்கிறார்கள் என்னும் கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள். 1972 முதல் இயங்கிவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் தாய்க்குக் காலைக் கூட்டம் என்பது உறக்கத்தைத் துறந்து வரவேண்டிய கூட்டம். அண்டை மாநிலமான கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆதலால், அங்குள்ள சுங்கை பட்டாணிக்கு வேலைக்குச் செல்லும் தந்தையால் பினாங்கில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு வர இயலாமற் போகலாம். இவை தெரியாமல், பெற்றோருக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டுவது நியாயமன்று.

அடுத்து, செய்தி செல்லும் வழியை ஒன்றாக்குங்கள். பொறுப்பாளர்கள் மட்டுமே எழுதக்கூடிய ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு பள்ளி அறிவிப்புகளுக்கென இருக்க வேண்டும். வகுப்பு சார்ந்த பேச்சுகளுக்கு வகுப்புக் குழு தனியே இருக்கட்டும். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் இடையில் தடுப்பூசித் தேதி புதைந்துபோவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கல்வி இலாகாவிலிருந்தோ மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்தோ வரும் மலாய்க் கடிதத்தைப் படமெடுத்து அப்படியே அனுப்பினால், அது பாட்டியிடம் வளரும் பிள்ளையின் வீட்டைப் போய்ச் சேராது. கடிதத்தோடு இவ்வாறு நான்கு வரிகள் எழுதுங்கள்:

“மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வியாழக்கிழமை காலை 9 மணிக்குப் பல் பரிசோதனை நடைபெறும். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுச் செவ்வாய்க்குள் அனுப்பவும். அன்று பிள்ளைகள் காலை உணவு உண்டுவிட்டு வரலாம். ஐயமிருப்பின் வகுப்பாசிரியரைக் கேட்கவும்.”

என்ன, எப்போது, பெற்றோர் செய்ய வேண்டியது என்ன, யாரைக் கேட்பது ஆகிய நான்கும் இருந்தால் போதும். அதையே அரை நிமிடக் குரல்பதிவாகவும் அனுப்பினால், எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிக்கும் எட்டும். இரவு 9 மணிக்குமேல் அவசரமற்ற அறிவிப்பு எதுவும் வேண்டாம்.

அவசர அறிவிப்பு வேறு வகை. 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்த வெள்ளத்தை மறந்தவர் இரார். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துவதும், 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூடுவதும் கல்வி அமைச்சின் நடைமுறை. அந்த நாள் வந்தபின் யார் யாருக்குச் சொல்வது என்று யோசிக்க நேரமிராது. அதனால் அவசர அழைப்புப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரித்து, பள்ளி வேன் ஓட்டுநர்களின் எண்களை அதன் தலைப்பிலேயே வையுங்கள். பிள்ளைகள் அவர்களுடைய வண்டியில்தான் பாதி வழியில் இருப்பார்கள்.

கற்றல் அடைவைப் பற்றிய செய்தியில்தான் மிகுந்த பொறுமை தேவை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பிறகு, எத்தனை ‘ஏ’ என்று கேட்டே பழகிய பெற்றோரிடம் ஆறு அடைவுநிலைகள் கொண்ட வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கை நீட்டப்படுகிறது. மூன்றாம் நிலை என்பதைப் பார்த்ததும் ஆறில் பாதிதானே என்று மனம் ஒடிந்துபோகிறவர்கள் உண்டு. அறிந்து, புரிந்து, செய்யவும் இயலும் என்பதே அந்நிலையின் பொருள். எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்சத் தேர்ச்சியைப் பிள்ளை எட்டிவிட்டது. இதைப் பெற்றோருக்கு விளக்கும்போது பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தையே மேசையில் திறந்து வையுங்கள். தவணைத் தொடக்கத்தில் எழுவாய் பயனிலை பொருந்தாமல் எழுதிய வாக்கியத்தையும் இப்போது எழுதிய பத்தியையும் அடுத்தடுத்துக் காட்டினால், தாயின் முகம் தெளிவதை நீங்களே காண்பீர்கள்.

இனிக் கொண்டாட்டம். பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர்களின் உரைகள் நீண்டு, பிள்ளைகள் வெயிலில் வாடியபின் பெயர்களை அவசர அவசரமாக வாசிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உரைகளைச் சுருக்குங்கள், பெயர்களை நிறுத்தி வாசியுங்கள். திருக்குறள் மனனப் போட்டியில் வென்றவரோடு, ஆண்டு முழுவதும் ஒருநாளும் தவறாமல் வந்தவரும், திக்குவாயோடு முதன்முறை சபையில் பேசியவரும் மேடையேறட்டும். மே 16-ஆம் நாள் ஆசிரியர் தினத்தில் சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கும், வாயிற்காவலருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் மாணவர்களே வாழ்த்தட்டை எழுதித் தரலாம்.

வாரத்திற்கு இரண்டு குடும்பங்களுக்கேனும் வகுப்பாசிரியர் நற்செய்தி ஒன்றை நேரடியாக அனுப்பட்டும். “கவின் இன்று புது மாணவனைத் தன்னருகில் அமர்த்திக்கொண்டான்” என்னும் ஒரு வரி போதும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே பதறும் வீடுகளில் இதன் மதிப்பு பெரிது.

பிள்ளைகளின் படங்களை முகநூலில் இடுவதற்குமுன் எழுத்துவழி ஒப்புதல் பெறுங்கள். மறுத்தவர்களின் பட்டியல் படமெடுப்பவர் கையில் இருக்க வேண்டும். மலேசிய நண்பன், மக்கள் ஓசை போன்ற நாளிதழ்களுக்குச் செய்தி அனுப்பும்போது, படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகப் பிழையின்றி எழுதி, பயிற்றுவித்த ஆசிரியரின் பெயரையும் சேருங்கள். 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டு, குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்தப்பட்ட பள்ளிகளுக்கு இது இன்னும் முக்கியம். முதலாம் ஆண்டுப் பதிவுக்காகப் பள்ளி தேடும் இளம் பெற்றோர், அங்கு என்ன நடக்கிறது என்பதை இத்தகைய செய்திகளிலிருந்தே அறிகிறார்கள்.

ஆறாம் ஆண்டு முடித்த மாணவர்களின் பெற்றோரைக் குழுவிலிருந்து நீக்குவதற்குமுன், முன்னாள் மாணவர் பட்டியலில் சேர விருப்பமா என்று கேட்டு எண்களை வாங்கி வையுங்கள். அப்பட்டியலைத் தனியொருவரின் கைப்பேசியில் விடாமல், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் மாறும்போது கைமாறும் கோப்பில் பதிந்து வைப்பது நல்லது.