கனவைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

போன மாதம் காரைக்குடியில், கண்ட கனவுகளை எழுதிவைத்துப் பேசும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தான். கனவு நோட்டு எழுதத் தொடங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. கடைக் கூட்டாளி கல்லாவைத் திறந்து பணத்தை அள்ளுவதுபோல் கனவு கண்டிருக்கிறான். மறுநாளே கூட்டாளி இல்லாத நேரம் பார்த்துக் கணக்கு நோட்டைப் புரட்டியிருக்கிறான். அது கூட்டாளிக்குத் தெரிந்துவிட்டது. "கணக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனா கனவு பொய் சொல்லுமாண்ணே?" என்று கேட்டான். பதினெட்டு வருடம் முன்பு இதே கேள்வி எனக்குள் ஓடியது. அன்று கேட்க ஆள் இல்லை. அதனால்தான் கனவு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். கனவில் லாட்டரி எண் தேடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாருக்கும் தெரிந்த தவறுகள்தான்.

காலண்டரில் பலன் பார்ப்பது

பல் விழுந்தால் உறவில் சாவு, கல்யாணம் கண்டால் துக்கம், பாம்பு கடித்தால் பீடை விலகும். இந்தப் பட்டியல் கனவு கண்டவர் யார் என்று கேட்பதே இல்லை. வயலில் பாம்பு கடித்துத் தம்பியை இழந்தவருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் புற்றுக்குப் பால் ஊற்றுபவருக்கும் பாம்பு ஒன்றாக இருக்குமா?

எங்கள் சந்திப்புக்கு வரும் ஆச்சி ஒருவர், பல் கொட்டுவதாகக் கனவு கண்டுவிட்டு மூன்று இரவு சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். காலையில் தாடை வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் என்று பல் மருத்துவர் சொன்னார். பல் விழும் கனவைப் பற்றி இஸ்ரேலில் ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கத்தை உணர்பவர்களுக்கே அந்தக் கனவு கூடுதலாக வருகிறது என்று அதில் தெரிந்தது. மன உளைச்சலோடு அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை.

கனவில் வந்தவரைக் குற்றவாளி ஆக்குவது

மற்றத் தவறுகளை மன்னித்துவிடுவேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் பதினொரு பங்கு. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குத்தான் எல்லாரும் கூடுவோம். ஒரு வருடம், மழைக்காலத்துக்கு முன்பு, வீட்டின் இரண்டாம் கட்டுக் கூரையில் ஓடு நழுவித் தேக்கு விட்டத்தில் நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. செலவைப் பங்கு வைத்துச் சரிசெய்யலாம் என்று பேசி, பெரியப்பா மகனான அண்ணன் ஆசாரியை வரச்சொல்லியிருந்தார். அந்த வாரம் எனக்கு ஒரு கனவு. வளவெல்லாம், அதாவது உள்முற்றமெல்லாம், இருட்டு. அண்ணன் கையில் சாவிக்கொத்து. எங்கள் அறையைத் திறந்து, அப்பச்சியின் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகப்பு வழியாகப் போகிறார். நான் கத்துகிறேன், குரல் வரவில்லை.

எழுந்தபோது உடம்பெல்லாம் வியர்வை. கண்ணால் பார்த்ததுபோல் நம்பிவிட்டேன். மூன்று நாள் அதையே மென்றுகொண்டிருந்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, எங்க அறைச் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?" என் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் சற்று நேரம் பேசவில்லை. "உங்கிட்டதானப்பா இருக்கு. எதுக்குக் கேக்குறே?" என்றார். அப்புறம் ஆசாரி வரவில்லை. பணம் பற்றி யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. விட்டம் உளுத்து, ஒரு பக்கக் கூரை இறங்கிவிட்டது. அந்த நீளத்துக்குப் பர்மாத் தேக்குக்கு எங்கே போவது? இடித்த வீட்டுச் சாமானில் தேடி வாங்கி ஒட்டுப்போட்டோம். முதலில் பேசிய தொகையைப்போல் நாலு மடங்கு ஆயிற்று. அண்ணன் என்னோடு பழையபடி பேச, கூரை சரியானதைவிட அதிக காலம் ஆயிற்று.

பின்னால் ஒருநாள் என் நோட்டைப் புரட்டினேன். கனவுக்கு நாலு நாள் முன்னால் ஒரு வரி: "பெட்டியில கறையான் ஏறியிருக்குமோன்னு ஆத்தா கேட்டா. அடுத்த மாசம் போய்ப் பாக்குறேன்னு சொன்னேன்." அந்த அறையைத் திறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பெட்டி கைவிட்டுப் போகிறது என்ற பயம் என்னுடையது. அதற்குக் காரணமான அசட்டையும் என்னுடையது. அந்த வீட்டை நினைத்தாலே மனதில் வரும் முகம் அண்ணனுடையது, ஏனென்றால் அதைக் கவனித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அந்த முகத்தைத்தான் கனவு எடுத்துக்கொண்டது.

கண் வேகமாக அசையும் தூக்கத்தில்தான் தெளிவான கனவுகள் மிகுதியாக வருகின்றன. அப்போது அச்சத்தைக் கிளறும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி மும்முரமாக இயங்கும். நிதானித்துச் சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி தணிந்திருக்கும். அதனால்தான் கனவில் வரும் சந்தேகம் நேரில் பார்த்ததுபோல் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. கனவில் வந்தவர் என்ன செய்தார் என்று தோண்டாதீர்கள். அந்தக் காட்சியில் எனக்கு என்ன உணர்ச்சி, விழித்திருக்கும்போது அதே உணர்ச்சி எங்கே வந்தது என்று நோட்டைப் பாருங்கள். முந்தின நாளிலோ, ஏறக்குறைய ஒரு வாரம் முன்போ பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்ததும் செய்ய வேண்டிய வேலை உங்கள் பக்கத்தில்தான் இருக்கும். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, கூட்டாளிக்குத் தெரியாமல் தான் வாங்கிய கைமாற்றைப் பற்றிச் சொன்னான். மறுநாள் போய்க் கூட்டாளியிடமும் அதைச் சொல்லிவிட்டான்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று காத்திருப்பது

முதல் சாமத்துக் கனவு ஒரு வருடத்தில், இரண்டாவது எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், கடைசிச் சாமத்துக் கனவு பத்து நாளில் பலிக்கும் என்பது பழைய கணக்கு. விடியற்காலைக் கனவு அழுத்தமாக நிற்பது உண்மைதான். அதற்குக் காரணம் உண்டு. கண் அசையும் தூக்கத்தை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் உலகுக்குச் சொன்னார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை அது வருகிறது. இரவின் தொடக்கத்தில் சில நிமிடம்தான், விடியும் நேரத்தில் அரைமணிக்கும் மேல் நீளும். அதன் நடுவில் விழித்துக்கொள்கிறோம், கனவு நினைவில் தங்குகிறது. குறளில் கனவுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. பத்துக் குறளும் தலைவனைப் பிரிந்தவளின் கனவைப் பற்றியவை. ஒன்றில்கூடச் சகுனம் இல்லை.

எழுந்ததும் கைபேசியை எடுப்பது

எடுக்காதீர்கள். புரளாமல் கிடந்து, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினையுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

எல்லாக் கனவுக்கும் அர்த்தம் தேடுவது

வேண்டாம்.

அமுக்குவானுக்கு மந்திரிப்பது

விழித்தும் அசைய முடியாமல் நெஞ்சை அழுத்துவதைத்தான் அமுக்குவான் என்பார்கள். கண் அசையும் அந்தக் கனவுத் தூக்கத்தில் கை கால் தசைகள் தளர்ந்து கட்டுண்டிருக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். சில நொடியில், மிஞ்சினால் சில நிமிடத்தில் போய்விடும். மல்லாந்து படுக்காமல் இருந்தாலும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தாலும் குறையும்.

கெட்ட கனவைச் சகித்துக்கொண்டிருப்பது

ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்து அலைக்கழித்தால் அதன் முடிவை மாற்றி எழுதுங்கள். மாற்றிய கதையைப் பகலில் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். மனநல மருத்துவர்களே சொல்லித்தரும் முறை இது. சில வாரம் விடாமல் செய்ய வேண்டும். விபத்தோ கொடுமையோ பார்த்த பிறகு வரும் கனவானால், தனியாகச் செய்யாமல் மருத்துவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தூக்கத்தில் உதைப்பதைச் சிரித்துவிடுவது

வயது ஐம்பதைத் தாண்டியவர் கனவில் சண்டை போட்டுக்கொண்டே நிஜத்தில் கை வீசுகிறார், கட்டிலிலிருந்து விழுகிறார் என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு இது பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முன்பே வரும் அறிகுறி. போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உதைத்தவருக்கு உதைத்தது தெரியாது. பார்த்தவர்தான் சொல்ல முடியும்.