பெஸ்டோ போட்ட சீஸ் கார்லிக் பிரெட்: வரிசைதான் முக்கியம்

கார்லிக் பிரெட்டில் பெஸ்டோ (பேசில் என்ற வாசனை இலையை எண்ணெய், சீஸோடு அரைத்த இத்தாலியத் துவையல்) சேர்க்கிற பலரும் வெண்ணெய், பெஸ்டோ, சீஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூசி ‘அவன்’ அடுப்புக்குள் வைத்துவிடுகிறார்கள். வெளியே எடுக்கும்போது இலை கருத்து, எண்ணெய் பிரிந்து, அடிப்பாகம் நனைந்து கிடக்கும். பெஸ்டோ அடுப்பில் ஏற்றுகிற பொருளே இல்லை. அது பிறந்த இத்தாலியின் ஜெனோவா ஊரில், பாஸ்தாவை இறக்கி வடித்த பிறகுதான் பெஸ்டோவைக் கலப்பார்கள். கெட்டியாக இருந்தால் பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு இளக்கிக்கொள்வார்கள். அதனால் நான் செய்வது இப்படி: முதலில் பூண்டு வெண்ணெய் மட்டும் தடவி பிரெட்டை மொறுமொறுப்பாக்கிக்கொள்வேன். அப்புறம் பெஸ்டோ. அது கண்ணுக்கே தெரியாதபடி மேலே சீஸ். அதற்குப் பிறகு அவனில் நாலைந்து நிமிடம், அவ்வளவுதான்.

பெஸ்டோவிலிருந்து தொடங்குகிறேன். ருசியில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

ஜெனோவாக்காரர்கள் ஏழு பொருள்களை மட்டுமே ஒப்புக்கொள்வார்கள்: பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, பார்மெசான் சீஸ், செம்மறியாட்டுப் பாலில் செய்த பெகொரினோ சீஸ், கல் உப்பு, ஆலிவ் எண்ணெய். பளிங்கு உரலில் மர உலக்கையால் அரைப்பார்கள். 2007 முதல் இதற்கென்றே உலகப் போட்டியும் நடத்துகிறார்கள். கோவையில் என் சமையலறைக்கு அந்த ஏழில் இரண்டை மாற்றிக்கொள்கிறேன். பைன் கொட்டை விலை கட்டுப்படியாகாது, பல கடைகளில் பழசாகிச் சிக்கடித்தும் இருக்கும். நல்ல முந்திரி அந்த இடத்தை அழகாக நிரப்பும். பெகொரினோவை விட்டுவிட்டு பார்மெசானையே கொஞ்சம் கூட்டிப் போடுகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: இத்தாலியப் பார்மெசானைக் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். பச்சைப் புள்ளி போட்ட உள்நாட்டுத் தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

இலையில் மட்டும் சமரசம் கூடாது. துளசியைப் போட்டால் கிராம்பு வாசம் தூக்கி, கஷாயம் மாதிரி ஆகிவிடும். நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை பேசிலின் நெருங்கிய உறவு, சப்ஜா விதை அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் வாசம் காட்டமாக இருக்கும். அதைத்தான் போட வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி இளம் பாலக் இலை சேருங்கள். பேசில் விதை வாங்கி மாடியில் ஒரு தொட்டியில் போட்டுவிட்டால் கவலையே இல்லை. பூ எட்டிப் பார்த்ததும் கிள்ளிவிட வேண்டும், பூத்த செடியின் இலை கைக்கும். சித்திரை வெயிலில் நிழலுக்கு நகர்த்திவிடுங்கள்.

இரண்டு கைப்பிடி இலைக்கு, அதாவது சுமார் 40 கிராமுக்கு, முந்திரி 20 கிராம், துருவிய பார்மெசான் 25 கிராம், ஆலிவ் எண்ணெய் 60 மில்லி, சின்னப் பூண்டுப் பல் ஒன்று. இலையைக் கழுவித் துணியில் ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் பெஸ்டோ நீர்த்துப்போகும். உரலில் பூண்டையும் நாலைந்து கல் உப்பையும் முதலில் விழுதாக்கி, முந்திரி போட்டு இடித்து, பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இலையைக் குத்தாமல், உலக்கையைச் சுழற்றித் தேய்க்க வேண்டும். என் மாமியார் முதல்முறை பார்த்துவிட்டு, “கண்ணு, மசிய அரைச்சறாதே, தொவையலாட்டம் கொஞ்சம் நறநறன்னு இருக்கட்டும்” என்றார். அதுதான் சரியான பதம். கடைசியில் சீஸும் எண்ணெயும் கரண்டியால் கலக்க வேண்டியதுதான்.

மிக்ஸிதான் என்றால் ஜாரைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். பிளேடு சூடானால் இலை கருக்கும். எண்ணெயை அப்போதும் கையால்தான் கலக்குவேன்.

பிரெட் இனிப்பில்லாததாக இருக்கட்டும். நம் பேக்கரிகளில் சாதாரண பிரெட்டிலும் சர்க்கரை தூக்கலாக இருக்கும், அது பூண்டோடு ஒட்டாது. நீளமான பாகெட் கேட்டு வாங்குங்கள். நேற்றையது இன்னும் நல்லது, ஈரம் குறைந்திருப்பதால் வெண்ணெயைக் குடித்தும் மொறுமொறுப்பு நிற்கும். விரலகலத் துண்டுகளாகச் சாய்வாக நறுக்குங்கள். 250 கிராம் பாகெட்டுக்கு 60 கிராம் வெண்ணெய், ஆறு பல் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் நாலு பல்லே போதும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது, காரமும் மணமும் அதிகம். பூண்டைத் துருவி, உருகும் வெண்ணெயில் மிகச் சிறு தீயில் ஒரே நிமிடம் வைத்து, நிறம் மாறுவதற்குள் இறக்குங்கள். இதில் பச்சை நெடி அடங்கிவிடும். பச்சையாகத் தடவினால் ஓரத்துப் பூண்டு கருகிக் கைக்கும். கடையில் கிடைக்கும் டேபிள் பட்டரில் உப்பு உண்டு, பார்மெசானிலும் உண்டு, தனியாகப் போட வேண்டாம்.

சீஸ் விஷயத்தில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. இழுத்தால் நூலாக வர வேண்டுமென்றால் மொசரெல்லாதான், அதுவும் கட்டியாக வாங்கி வீட்டில் துருவியது. துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அது உருகுவதைக் கெடுக்கும். க்யூபாக வரும் ப்ராசெஸ்டு சீஸ் இளகுமே தவிர நூல் விடாது. தண்ணீரில் மிதக்கும் ஃபிரெஷ் மொசரெல்லா, தக்காளியோடு அடுக்கும் கேப்ரேஸ் சாலட்டுக்கு அருமை, இங்கே பிரெட்டை நனைத்துவிடும். 150 கிராம் வேண்டும்.

அவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி, பூண்டு வெண்ணெய் தடவிய துண்டுகளை ஆறேழு நிமிடம், ஓரம் பொன்னிறமாகும் வரை வையுங்கள். வெளியே எடுத்து, துண்டுக்கு ஒரு டீஸ்பூன் பெஸ்டோவை ஓரம் வரை போகாமல் தடவி, மொசரெல்லாவால் விளிம்பு வரை மூடுங்கள். மறுபடி மேல்தட்டில் வைத்து, சீஸ் உருகிக் குமிழ் விட்டதும் எடுத்துவிடுங்கள். சீஸ் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அடியில் பெஸ்டோ வாசம் போய்விடும்.

அவன் இல்லாத வீட்டில் தோசைக்கல் போதும். வெண்ணெய் தடவிய பக்கத்தை முதலில் கல்லில் வாட்டுங்கள். திருப்பிப் போட்டு, வாட்டிய பக்கத்தில் பெஸ்டோ, சீஸ் வைத்து, தீயைச் சிம்மில் வைத்து மூடிவிடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் உருகிவிடும். மூடியில் கோத்த ஆவி பிரெட்டில் சொட்டாமல் சட்டென்று தூக்குங்கள். கல்லில் வாட்டிய அடிப்பாகம் அவனில் வருவதை விட எனக்குப் பிடிக்கும்.

மிஞ்சிய பெஸ்டோவைச் சின்னப் பாட்டிலில் அழுத்தி நிரப்பி, மேலே எண்ணெய் விட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும். பச்சைப் பூண்டு எண்ணெயில் ஊறும் எதையும் வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், வாசத்தில் தெரியாது. அதிக நாள் வேண்டுமென்றால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வையுங்கள். அடுத்த முறை மூன்று துண்டு பிரெட்டுக்கு ஒரு கட்டி எடுத்தால் கணக்காக இருக்கும்.