சீனம் பேச வருகிறது, எழுதத்தான் வரவில்லை என்பவர்களுக்கு

மூவாயிரம் எழுத்து தெரியும், சீரியல் சப்டைட்டில் இல்லாமலே புரிகிறது, டாக்ஸி டிரைவரோடு அரைமணி நேரம் அரட்டை அடிக்க முடிகிறது. ஆனால் ஒரு பக்கம் எழுதி நீட்டினால் டீச்சர் "புரியுது" என்று மட்டும் சொல்கிறார். இலக்கணத்தில் தப்பில்லை, ஆனால் எந்தச் சீனரும் அப்படி எழுத மாட்டார். அங்கே மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இது.

முதலில் புதுச் சொல் மனப்பாடத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டுங்கள். தெரிந்த சொல் எதோடு சேரும் என்று பாருங்கள். நாம் 'மேம்படுத்து' என்று எல்லாவற்றுக்கும் போட்டு ஒப்பேற்றிவிடுவோம். சீனத்தில் தரம், திறன் என்றால் திகாவ். உறவு, வாழ்க்கை நிலை என்றால் கைஷான். வேலை செய்யும் முறை என்றால் கைஜின். நட்பு, பரஸ்பரப் புரிதல் என்றால் ஸெங்ஜின். அகராதியோ நாலுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் தரும். அதனால் நோட்டில் தனிச் சொல்லை எழுதாமல் ஜோடியாக எழுதுங்கள். சந்தேகம் வந்தால் பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிசிசி தரவகத்தில், அதாவது சீனர்கள் எழுதியதைத் திரட்டி வைத்திருக்கும் தொகுப்பில், தேடலாம். சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வில் வெளிநாட்டவர் எழுதிய பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பிழை குறித்துத் தொகுத்து வைத்திருப்பதும் அதே பல்கலைக்கழகம்தான், நம் தப்புகள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும், பார்த்தால் ஒரு ஆறுதல்.

அடுத்தது ஷூமியன்யூ, அதாவது எழுத்து நடை. 'வந்துட்டான்' என்று பேசி 'வந்துவிட்டான்' என்று எழுதி வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம், ஆனாலும் சீனம் என்று வந்ததும் பேச்சை அப்படியே தாளில் கொட்டிவிடுகிறோம். 'ஏனென்றால்' என்பதற்குப் பேச்சில் யின்வெய், கட்டுரையில் யோவ்யூ. 'ஆனால்' என்னும் தான்ஷி அங்கே ரான்அர் ஆகும். 'ஒருவேளை இப்படியென்றால்' என்னும் ருகுவோ சுருங்கி ருவோ ஆகும். சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, அசைக் கணக்கும் உண்டு. 'மேற்கொள்' என்பதற்கு ஈடான ஜின்ஷிங்குக்குப் பின்னால் தியாவ்ச்சா என்று ஈரசைச் சொல் வந்தால் 'விசாரணை மேற்கொள்' என்று கச்சிதமாக உட்காரும். அதே பொருள்தானே என்று வெறும் ச்சா போட்டால் வாக்கியமே நிற்காது. சரி, கற்றுக்கொண்டோம் என்று வீசாட்டில் நண்பனுக்கும் ரான்அர் அனுப்பாதீர்கள், "ஆயினும் யான் இன்று வருகிலேன்" என்பது போல் இருக்கும்.

அப்புறம் 'அவன்'. ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாகப் படித்ததால் வாக்கியத்துக்கு வாக்கியம் 'தா' போடுகிறோம். சீனத்தில் ஆளை ஒருமுறை சொல்லிவிட்டால், எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பி என்று நம் வினையெச்சம் ஓடுவது மாதிரி காற்புள்ளி போட்டுக்கொண்டே போகலாம், வேறு ஆள் வரும்வரை.

பயிற்சி என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஸுவோஷியே, சுருக்கி எழுதுவது. ஆறு நிலை இருந்த எச்எஸ்கேயின் ஆறாம் நிலையில் இப்படித்தான் கேட்டார்கள்: சுமார் 1000 எழுத்துக் கதையை 10 நிமிடம் படி, தாளை வாங்கிக்கொள்வார்கள், 35 நிமிடத்தில் ஏறக்குறைய 400 எழுத்தில் எழுது, உன் கருத்தைச் சேர்க்காதே. நான் இதில் ஒன்று கூட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அந்த 400 எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதையை மறுபடி 1000 எழுத்துக்கு விரித்து, மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. முதல் தடவை ஒரே பத்தியில் என்னிடம் ஏழு 'தா', மூலத்தில் இரண்டு. வெட்கமாக இருந்தது.

செங்யூ, அந்த நாலெழுத்துத் தொடர்கள், கறிவேப்பிலை அளவு போதும். நானும் அறைத் தோழனும் எவ்வளவு மரியாதையாகப் பழகுகிறோம் என்று காட்ட ஷியாங் ஜிங் ரு பின் என்று ஒருமுறை எழுதிவைத்தேன். அது கணவன் மனைவிக்கு மட்டுமே சொல்வது. குறைந்தது மூன்று எடுத்துக்காட்டு வாக்கியமாவது பார்க்காமல் எந்தச் செங்யூவையும் தொடாதீர்கள்.

திருத்தித் தரச் சீன நண்பரைக் கேட்கும்போது "சரியா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மெய் வெந்தி, பிரச்சினை இல்லை என்பார், முடிந்தது கதை. ஒரு பத்தியைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.