இறுகின ஜிப்சத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள்

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் சீலிங் வேலை. வாளியில் இறுகத் தொடங்கியிருந்த ஜிப்சம் சாந்துக்குப் புதிதாய் வந்த பொடியன் அரைக் கோப்பை தண்ணீர் விட்டுக் கலக்கினான். வாளியைப் பறித்துக் கொட்டினேன். தொழிலுக்கு வந்த முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ஏணி, முகமூடி பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். இது வேறு: ஜிப்சம் பூசும்போது செய்யக்கூடாதவை.

இறுகினதை இளக்குவது

ஜிப்சம் பாறை என்பது நீரோடு சேர்ந்த கல்சியம் சல்பேற்று. அதை 150 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் உள்ளிருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவதுதான் பையில் வருகிற தூள். தண்ணீர் பட்டதும் அது இழந்ததைத் திரும்ப எடுத்து ஊசி ஊசியாகப் படிகமாகும். அந்த ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் அதன் பலம். வாளியின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். பின்னல் நடக்கிறது.

அந்த நேரத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் ஊசிகள் முறியும். முறிந்தவை திரும்பப் பின்னாது. எடுக்கவேண்டிய நீரை அவை எடுத்து முடித்துவிட்டன. பழையபடி தூளாக்கச் சூளைதான் வேண்டும். ஆனாலும் கலவை இளகும், பூசவும் வரும். அதை நம்பித்தான் கெட்டோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு முன்னறைக் கோர்னிஸை, அதாவது சுவரும் சீலிங்கும் சேருமிடத்து அலங்காரப் பட்டியை, அப்படி 3 தரம் இளக்கிப் பூசினேன். காய்ந்த பிறகு நகத்தால் கீறினால் சோக்குப்போல மா கொட்டியது. பெயின்ற் அடித்து மறைத்தேன். 2 மாதத்தில் ஒரு முழத் துண்டு கழன்று கதிரையில் விழுந்தது. நல்லகாலம், கதிரையில் ஆள் இல்லை. முழுவதையும் உடைத்து என் காசில் செய்து கொடுத்தேன். 10 நிமிடத்தில் பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் கலக்குங்கள்.

கழுவாத வாளி

நேற்றுக் காய்ந்த துணுக்கு இன்றைய கலவைக்கு விதை. நினைத்ததற்கு முந்தியே இறுகும். உடனே கை தண்ணீரைத் தேடும்.

பலத்துக்குச் சீமெந்து சேர்ப்பது

ஆலையில் சீமெந்து சடுதியாக இறுகாமலிருக்கக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைப்பது உண்மை. அது அளந்து செய்வது. நீங்கள் ஜிப்சத்தில் சீமெந்தைக் கொட்டினால் ஈரத்தில் எற்றிங்கைற்று என்ற படிகம் உண்டாகிப் பருக்கும், பூச்சு வெடிக்கும்.

குளியலறைச் சுவர்

வேண்டாம். ஜிப்சம் தண்ணீரில் கரையும்.

காயமுதல் பெயின்ற்

10 கிலோ தூளுக்கு 6, 7 லீற்றர் விடுகிறோம். தூள் எடுப்பது 2 லீற்றருக்கும் குறைவு. மிச்சம் காற்றோடுதான் போகவேண்டும். யூன் மாத மழையில் கொழும்புக் காற்று அதை இலேசில் எடுக்காது. யன்னலைத் திறந்து, ஃபானைப் போட்டு, வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் பொறுத்திருங்கள்.