ஆசிலோஸ்கோப் வாங்கும் முன் மேசையைப் பாருங்கள்

குளச்சல் பக்கத்தில் படகுகளின் எக்கோ சவுண்டர் (ஒலியால் கடலின் ஆழம் காட்டும் பெட்டி), ஜிபிஎஸ் பழுது பார்ப்பது என் தொழில். இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வாங்க யோசனை கேட்டு வந்து முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை மெகாஹெர்ட்ஸ் வாங்கணும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உன் மேசைக்கு என்னதான் வருது மக்கா?"

என் மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்கோ சவுண்டர் கடலுக்குள் ஒலி அனுப்புவது பெரும்பாலும் 50, 200 கிலோஹெர்ட்ஸில். பழைய ஜிபிஎஸ் பெட்டிகள் தகவல் அனுப்புவது நொடிக்கு 4,800 பிட் வேகத்தில். சார்ஜர், எல்ஈடி டிரைவர் எல்லாம் பெரும்பாலும் சில நூறு கிலோஹெர்ட்ஸுக்குள் சுவிட்ச் ஆகிறவை. இதற்கெல்லாம் 50 மெகாஹெர்ட்ஸ் தாராளம். ஆனால் ஸ்கோப் மேல் அச்சடித்திருக்கும் மெகாஹெர்ட்ஸில் வரும் அலையின் உயரம் ஏற்கெனவே 70 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். சதுர அலையின் விளிம்பு உருக்குலையாமல் தெரிய வேண்டுமானால், அலையின் வேகத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், சிப்புகள் பேசிக்கொள்ளும் வேகமான எஸ்பிஐ இணைப்பு என்று போகிறவர்கள் 100 வாங்கட்டும். படகு வயர்லெஸ் ஓடுவது 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அதைப் பார்க்கத்தான் ஸ்கோப் என்றால் வாங்கவே வேண்டாம். எஸ்டபிள்யூஆர் மீட்டரும் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது) போதும்.

மெகாஹெர்ட்ஸைப் பற்றி இவ்வளவு போதும். யாரும் கேட்காத விஷயம் மெமரி, அதாவது அளந்த புள்ளிகளை ஸ்கோப் சேர்த்துவைக்கும் இடம். காசு போகிற இடமும் அதுதான்.

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப 20 மில்லிசெகண்ட். அனுப்பிய துடிப்பு, திரும்பி வந்த எதிரொலி இரண்டையும் ஒரே திரையில் பார்க்க 20 மில்லிசெகண்டும் திரையில் இருக்க வேண்டும். உங்கள் ஸ்கோப்பின் மெமரி 2,500 புள்ளிதான் என்றால், அது நொடிக்கு 1,25,000 தடவைக்கு மேல் அளக்காது. டப்பாவின் மேல் நொடிக்கு எத்தனை கோடி சாம்பிள் (அளக்கும் தடவை) என்று எழுதியிருந்தாலும் சரி. அந்த வேகத்தில் 200 கிலோஹெர்ட்ஸ் அலை திரையில் எப்படித் தெரியும் தெரியுமா? அச்சு அசல் 50 கிலோஹெர்ட்ஸாக! சவுண்டரில் இரண்டு அலைவரிசையும் உண்டு என்பதால் தவறான அலைவரிசை ஓடுகிறது என்றே நம்பிவிடுவீர்கள். மெமரி பத்து லட்சம் புள்ளி இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. முழுத் துடிப்பையும் பிடித்து, அப்புறம் நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். டேட்டாஷீட்டில் 'மெமரி டெப்த்' என்ற வரியைத் தேடுங்கள். விளம்பரத்தில் அது இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று யோசியுங்கள்.

சாம்பிள் வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ரிகோல் டிஎஸ்1054இசட் என்ற ஸ்கோப் ஒரு சேனலில் (சிக்னல் உள்ளே வரும் வழி) நொடிக்கு 100 கோடி சாம்பிள் எடுக்கும். நாலு சேனலையும் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 25 கோடிதான். பெரும்பாலான ஸ்கோப்புகள் இப்படித்தான் பங்கு போடும். வீட்டு வேலைக்கு இரண்டு சேனல் போதும். ஒரே நேரத்தில் மைக்ரோகன்ட்ரோலரின் நாலு கம்பியைப் பார்க்கிறவர் மட்டும் நாலுக்குப் போகலாம். ரிகோல் டிஎச்ஓ804 மாதிரி 12 பிட் ஸ்கோப்புகள் வந்த பிறகு, 8 பிட் ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அவசியமில்லை. அலையின் உயரத்தை அளக்க 8 பிட்டில் 256 படி எங்கே, 12 பிட்டில் 4,096 படி எங்கே என்பது உண்மைதான். ஆனால் பவர் சப்ளையின் ரிப்பிள் (டிசி மேல் மிச்சமிருக்கும் சின்ன அலை) பார்க்க ஏசி கப்ளிங் போட்டு (டிசியைத் தடுத்து அலையை மட்டும் விடுவது), வோல்ட் அளவைக் குறைத்து, புரோபின் (சிக்னலைத் தொட்டுப் பார்க்கும் முனை) நீளமான கிளிப் வயரைக் கழற்றி அதோடு வரும் ஸ்பிரிங்கை மாட்டினால் 8 பிட்டிலேயே தெளிவாகத் தெரியும். அந்த நீள வயர்தான் பாதி இரைச்சலை உள்ளே இழுக்கிறது.

நாமே சால்டர் செய்து சேர்க்கும் சின்ன ஸ்கோப், டிஎஸ்ஓ138 கிட்? சால்டரிங் பழக நல்ல பொருள். 200 கிலோஹெர்ட்ஸ், 1,024 புள்ளி, ஒரே சேனல். ஆடியோ ஆம்ப்ளிஃபயர், ரிமோட் சிக்னல் பார்க்கலாம். ஸ்கோப் வாங்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

இனி சொல்வதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மேசை ஸ்கோப்பின் புரோப் கிரவுண்ட் கிளிப் நேராக வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் (சுவிட்சிங் பவர் சப்ளை) பிரைமரி பக்கம், அதாவது மெயின்ஸ் நுழையும் பக்கம், 230 வோல்ட் ரெக்டிஃபை ஆகி 325 வோல்ட் டிசியாக நிற்கும். அங்கே கிளிப்பை மாட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அப்புறம் ஸ்கோப்பின் உலோகப் பாகமெல்லாம் கரண்ட். 10எக்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் நிலை) இரண்டு புரோபை வைத்து, கிளிப் எதையும் மாட்டாமல், மேத் மெனுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பாருங்கள். புரோபில் எழுதியிருக்கும் வோல்ட் வரம்பைப் பார்த்த பிறகு. அடிக்கடி அந்தப் பக்கம் கை வைக்கிறவர் இரண்டு முனைக்கு இடையிலான வோல்ட்டை மட்டும் அளக்கும் டிஃபரன்ஷியல் புரோபுக்குப் பணம் ஒதுக்கட்டும். பழைய வீடுகளில் மூணு துளை சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி இருக்காது. ஸ்கோப் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சோதித்துவிடுங்கள்.

கல்லூரி லேப்கள் கழித்துப்போடும் பழைய 20 மெகாஹெர்ட்ஸ் சிஆர்ஓ (குழாய்த்திரை ஸ்கோப்) கிடைத்தால் அரை மணி நேரம் ஓடவிட்டு, கோடு மெல்லியதாக நிற்கிறதா, டைம்பேஸ் (திரையின் நேர அளவு) சுவிட்சைத் திருப்பும்போது குதிக்கிறதா என்று பாருங்கள். நம்ம ஊர் உப்புக்காற்று முதலில் தின்பது சுவிட்சையும் புரோப் மாட்டும் பிஎன்சி சாக்கெட்டையும்தான். புதிதோ பழசோ, கடலோரத்தில் இருக்கிறவர்கள் வேலை முடிந்ததும், சூடு ஆறியபின், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடி வையுங்கள்.

வாரண்டி என்றால் சர்வீஸ் எந்த ஊரில், கூரியர் செலவு யாருக்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம். திருவனந்தபுரத்தில் கிடைத்தால் பஸ்ஸில் போய்க் கையில் பார்த்தே வாங்கிவரலாம். பெட்டி வந்த அன்றே புரோபை 10எக்ஸில் போட்டு, முன்பக்கத்தில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் காலிபிரேஷன் முனையில் மாட்டி, சதுர அலையின் மூலைகள் நேராகும்வரை புரோபிலுள்ள சின்ன ஸ்குரூவைத் திருப்புங்கள். எவ்வளவு திருப்பியும் நேராகவில்லை என்றால் திருப்பி அனுப்பும் தேதி தாண்டும் முன் அனுப்பிவிடுங்கள்.